பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்: வேல்ஸ் குடும்ப வரலாற்றுப் பணிக்கு ஒரு வழிகாட்டி

ஜான் ஜோன்ஸ், பிறப்பு ஏறத்தாழ 1840, நாடு வேல்ஸ். "இவர் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா. இவருடைய குடும்பத்தைக் கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்று கனடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஒரு வாடிக்கையாளர் எழுதுகிறார். பெயரைக் கணினியில் தட்டினால் அதே பெயரில், அதே வயதில் ஆட்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். அதனால் தட்டாதீர்கள். முதலில் அவருக்குத் திருப்பி எழுதுங்கள். எந்த ஊர்? எந்தப் பண்ணை வீடு? ஞாயிற்றுக்கிழமை எந்தச் சேப்பலுக்குப் போனார்கள்? வீட்டில் பழைய வெல்ஷ் பைபிள் ஏதாவது இருக்கிறதா, அதன் முதல் பக்கத்தில் பிறந்த தேதிகள் எழுதியிருக்கிறதா? கல்லறைக் கல்லின் படம் உண்டா?

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. வேல்ஸில் பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, இடத்தை வைத்துத்தான் பிடிக்க முடியும். இடத்தை அறிந்தவர்களோ அந்தந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். கல்லறைக் கல்லைப் படித்தவர், மூடிய சேப்பலின் உறுப்பினர் ஏட்டை வைத்திருப்பவர், ஒரு பள்ளத்தாக்கின் சுரங்கக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொகுத்தவர் எல்லாரும் அங்கேதான். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலை எங்கே கிடைக்கும்?

வம்சாவளி ஆய்வுக்குக் காசு கொடுப்பவர்கள் பலவகை. வேர் தேடும் தனிமனிதர்கள் முதல் வகை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களுக்கும், 1865இல் 'மிமோசா' கப்பலில் ஏறி அர்ஜென்டினாவின் பட்டகோனியாவுக்கும் போன வேல்ஸ் மக்களின் சந்ததி இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. அடுத்து, உயில் எழுதாமல் இறந்தவர்களின் வாரிசைக் கண்டுபிடிக்கும் நிறுவனங்கள். உரிமை கோரப்படாத சொத்து ஒன்று தெரியவந்ததும் வேகமாகத் தேடித் தரும் ஆட்கள் அவர்களுக்கு வேண்டும். மூன்றாவது, தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்தவர் என்று நிரூபித்தால் வேலைசெய்ய விசா பெறலாம் என்ற வசதியை நாடும் காமன்வெல்த் நாட்டவர்கள். இவை தவிர வீடுகளின் வரலாறு எழுதுவது, காப்பக ஆவணங்களை நகலெடுத்துப் படியெழுதுவது என்று சிறு வேலைகள் உண்டு.

பல ஆய்வாளர்கள் வேல்ஸைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். பெயர்க் குழப்பம் ஒரு காரணம், மொழி இன்னொன்று. புதிதாக வருகிறவர் தனக்கென ஒரு துறையைத் தேடினால் இந்த ஒதுக்கமே வாய்ப்பு. இங்கிலாந்து ஆய்வில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்.

பெயர் ஏன் கைவிடுகிறது?

தமிழருக்கு இதை விளக்குவது எளிது. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து அப்பாவின் பெயர். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். வேல்ஸிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. தாமஸின் மகன் பெயர் எவன் (Evan) என்றால் அவர் 'எவன் தாமஸ்'. அவர் மகன் டேவிட், 'டேவிட் எவன்'. பேரன் ஜான், 'ஜான் டேவிட்'. மூன்று தலைமுறை, மூன்று பின்பெயர், ஒரே குடும்பம். பழைய ஆவணங்களில் மகன் என்பதற்கு 'அப்', மகள் என்பதற்கு 'வெர்க்' என்ற சொற்களும் இடையில் வரும். 1536, 1543 சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தின் நிர்வாகத்துக்குள் வந்த காலத்திலிருந்து நிலவுடைமைக் குடும்பங்கள் ஆங்கில முறையில் நிலையான குடும்பப் பெயரை வைத்துக்கொண்டன. எளிய மக்களிடம் பழைய வழக்கம் மெல்லத்தான் மறைந்தது. வடமேற்கு மலைப்பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டுக்குள்ளும் அதைக் காணலாம்.

நிலைபெற்றபோது எந்தத் தந்தையின் பெயர் கையில் இருந்ததோ அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. புழக்கத்தில் இருந்த ஞானஸ்நானப் பெயர்களே குறைவு என்பதால் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ், தாமஸ் என்று சில பெயர்களுக்குள் நாடு அடங்கியது. 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனது. 'அப் ஹவெல்' பவெல், 'அப் ரிச்சர்ட்' பிரிச்சர்ட், 'அப் ஹியூ' பியூ.

இதிலிருந்து வேலைக்கு மூன்று விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1813க்கு முந்திய ஞானஸ்நானத்தைத் தேடும்போது குடும்பப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அப்பாவின் முதற்பெயரையும் பின்பெயராக வைத்துத் தேடுங்கள். திருமணமான பெண் அந்நாளில் பிறந்தவீட்டுப் பெயரையே வைத்திருக்கலாம், விதவையான பின் அதற்குத் திரும்பியும் இருக்கலாம். ஆகவே கல்லறைப் பதிவிலும் உயிலிலும் இரண்டு பெயரிலும் பாருங்கள். மரபணுச் சோதனையில் பொருந்திய ஒருவருக்கும் உங்கள் வாடிக்கையாளருக்கும் 'ஜோன்ஸ்' என்ற பெயர் பொதுவாக இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. இருவருக்கும் பொதுவான ஒரு பாரிஷோ (திருச்சபைப் பங்கு) பண்ணையோ இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

பெயர் பயன்படாததால்தான் வேல்ஸ் மக்கள் தங்களுக்குள் வேறு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். பண்ணை வீட்டின் பெயர், செய்யும் தொழில், சேப்பலில் வகிக்கும் பொறுப்பு, கவிதைப் போட்டிக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் என்று ஏதாவது ஒன்று ஜோன்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லறைக் கல்லில் பண்ணைப் பெயர் இருந்தால் அதைக் குடும்பப் பெயரைவிட மேலாக மதியுங்கள். ஆய்வுக் குறிப்பில் தனி நிரலாகப் பதியுங்கள்.

ஊரைப் பிடிப்பதும் எளிதல்ல

வேல்ஸ் ஊர்ப்பெயர்கள் பலவற்றில் முன்னால் நிற்கும் 'லான்' கோவிலையும் அதைச் சுற்றிய இடத்தையும் குறிக்கும். புனித மிக்கேல் பெயரில் கோவில் இருந்தால் லான்விஹாங்கெல், மரியாள் பெயரில் இருந்தால் லான்வயர். இரண்டும் நாடெங்கும் இருக்கின்றன. ஆகவே வாடிக்கையாளர் 'லான்விஹாங்கெல்' என்று மட்டும் சொன்னால் அது ஊர் ஆகாது. பின்னால் வரும் அடைமொழியைக் கேட்டு வாங்குங்கள்.

மாவட்டப் பெயர்களும் காலத்துக்கேற்ப மாறின. பழைய 13 மாவட்டங்கள் 1974இல் 8 ஆயின, 1996இல் 22 உள்ளாட்சிப் பகுதிகள் ஆயின. பாட்டி 'டைவெட்' என்றால் அது 1974க்குப் பிந்திய பெயராக இருக்கக்கூடும். அதற்குள் பழைய கார்டிகன்ஷயர், கார்மார்தன்ஷயர், பெம்ப்ரோக்ஷயர் மூன்றும் அடங்கும், பதிவேடுகள் அந்தப் பழைய பெயர்களில்தான் இருக்கும். பிறப்பு இறப்புப் பதிவு மாவட்டங்களோ இந்த எல்லை எதையும் மதிக்காதவை. ஒரு பதிவு மாவட்டம் இரண்டு பழைய மாவட்டங்களுக்குள் பரவிக் கிடக்கலாம்.

வெல்ஷ் மொழியில் சொல்லின் முதல் எழுத்தே இடத்துக்கேற்ப மாறும். பாங்கோர் என்ற நகரம், 'பாங்கோரில்' என்று சொல்லும்போது 'மாங்கோர்' ஆகும். டின்பிக் 'நின்பிக்' ஆகும். பழைய பத்திரிகைகளில் ஊர்ப்பெயரைத் தேடுகிறவர் மாறிய வடிவத்திலும் தேடாவிட்டால் பாதிச் செய்திகள் கண்ணில் படாது. வெல்ஷ் முழுவதையும் கற்றுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. கல்லறையில் வரும் சொற்களை முதல் வாரத்திலேயே கற்றுவிடலாம். 'எர் கோவ் அம்' என்றால் நினைவாக, 'பி வாரு' என்றால் இறந்தார், 'ஓய்ட்' வயது, 'பிரியோட்' வாழ்க்கைத்துணை, 'மாப்' மகன், 'மெர்க்' மகள், 'ப்லூய்வ்' பாரிஷ். கல்லின் அடியில் நாலு வரிக் கவிதை இருந்தால் அது பெரும்பாலும் 'எங்லின்' என்ற கட்டளைப்பா. அதை மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுக்காதீர்கள். வெல்ஷ் தெரிந்த ஒருவருக்குப் பணம் கொடுத்து வாங்குங்கள், அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

ஆவணங்கள்

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. 1875 வரை பிறப்பைப் பதியும் பொறுப்பு பெற்றோர்மீது கண்டிப்பாக விழவில்லை, அதனால் அதற்கு முந்திய குழந்தைகள் சிலர் பதிவில் இருக்கமாட்டார்கள். தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணை 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயரைக் காட்டுகிறது. ஜோன்ஸ் என்று ஆயிரம் பேர் இருந்தாலும் தாய் 'பியூ' வீட்டுப் பெண் என்று தெரிந்தால் பட்டியல் கைக்குள் வந்துவிடும். வேல்ஸ் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய வரம் எதுவும் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் 1921 வரை பார்க்கக் கிடைக்கிறது. 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், பிறந்த ஊரையும் எழுதவில்லை. பிறந்த பாரிஷ் வேண்டுமென்றால் 1851தான் முதற்படி. 1891இல் வேல்ஸ் மக்களிடம் பேசும் மொழியைக் கேட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு குடும்பம் நிற்கும்போது ஒன்று வெல்ஷ் மட்டும் பேசியது, மற்றது ஆங்கிலம் மட்டும் பேசியது என்பது பல தடவை பிரச்சினையைத் தீர்த்துவிடும். 1911இல் மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை இறந்தது என்ற கேள்வி உண்டு. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடையில் நிற்பது 1939 செப்டம்பரில் எடுத்த பதிவேடு மட்டும்.

அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் உங்கள் தலைமை இடம். 1858க்கு முந்திய 1,90,000க்கும் மேற்பட்ட வேல்ஸ் உயில்களை அது இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஏழைக் குடியானவர் உயிலிலும் கூடவே ஒரு சொத்துப்பட்டியல் இருக்கலாம், அதில் மாடு கன்றுகள் வரை எழுதியிருப்பார்கள். 1919 வரையிலான வேல்ஸ் பத்திரிகைகள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், அதே இடத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. 1836ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்துக்குப் பிறகு வரைந்த தசமபாக வரைபடங்களும் இணையத்தில் உள்ளன. ஒரு பண்ணையின் பெயர், அதை யார் வைத்திருந்தார், பக்கத்து வயல் யாருடையது என்பது வரை அதில் பார்க்கலாம். பண்ணைப் பெயரைப் பிடித்தவர் இங்கே ஒரு நாள் செலவிட்டால் கொடுத்த நேரம் வீண்போகாது.

சேப்பலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 1851 மார்ச் 30 அன்று எடுத்த சமயக் கணக்கெடுப்பில் வேல்ஸில் வழிபாட்டுக்குப் போனவர்களில் ஏறத்தாழ 5இல் 4 பேர் அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த சேப்பல்களுக்குப் போனார்கள் என்று தெரிந்தது. கால்வினிய மெதடிஸ்டுகள், சுயாதீனர்கள், பாப்டிஸ்டுகள், வெஸ்லியர்கள் என்று பல பிரிவுகள். பாரிஷ் பதிவேட்டில் குடும்பம் இல்லையென்றால் அவர்கள் அந்த ஊரில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள், அந்த வீட்டில் குழந்தை ஞானஸ்நானப் பதிவைத் தேடுவதே வீண். ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் அரசுத் திருச்சபையில்தான் சட்டப்படி மணமுடிக்க முடிந்தது. ஆகவே திருமணம் பாரிஷ் ஏட்டில் இருக்கும், பிறப்பு சேப்பல் ஏட்டில் இருக்கும்.

1837க்குப் பின் அரசு கேட்டு வாங்கிய சேப்பல் பதிவேடுகள் இன்று லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. கொடுக்காமல் வைத்துக்கொண்டவை மாவட்டக் காப்பகங்களுக்கோ அபெரிஸ்ட்வித்துக்கோ போயின. சில போதகரோடு போயின, சில தொலைந்தன. உறுப்பினர் பெயர், வீட்டுப் பெயர், கொடுத்த காணிக்கை எல்லாம் அச்சிட்ட ஆண்டறிக்கைகளும், நூற்றாண்டு விழாவுக்கு வெளியிட்ட சிறு வரலாற்றுப் புத்தகங்களும் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. எந்த இணையதளத்திலும் இல்லாத இவற்றை வைத்திருப்பவர்களை நோக்கித்தான் இனி நாம் போக வேண்டும்.

யாரிடம் கேட்பது?

முதலில் மாவட்டக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள். கிளாமோர்கன், க்வென்ட், டைவெட், கார்டிகன்ஷயர், பவிஸ், கிளூயிட், க்வினெத், மான்ட்கொமரிஷயர் என்று பழைய எல்லைகளை ஒட்டிச் சங்கங்கள் இருக்கின்றன. கல்லறைக் கல்வெட்டுகளை ஊர் ஊராகப் போய்ப் படித்து எழுதிய வேலை பெரும்பாலும் இவற்றின் உறுப்பினர்கள் செய்தது. கல் தேய்ந்து எழுத்து போய்விட்ட இடங்களில் அவர்கள் படி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஒரு மாவட்டத்தில் தொடர்ந்து வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் அந்தச் சங்கத்தில் சந்தா கட்டிச் சேருங்கள். வெளியே நின்று உதவி கேட்பதும் உள்ளே இருந்து கேட்பதும் ஒன்றல்ல.

அடுத்து மாவட்ட ஆவணக் காப்பகங்கள். கார்டிஃபில் கிளாமோர்கன் காப்பகம், எப்பு வேலில் க்வென்ட், ஹேவர்ஃபர்ட்வெஸ்டில் பெம்ப்ரோக்ஷயர், கேர்னார்வனிலும் டொல்கெத்லாயிலும் க்வினெத், லாங்கெவ்னியில் ஆங்கிள்சி. காப்பகப் பணியாளர் உங்கள் ஆய்வைச் செய்து தரும் ஆள் அல்ல. எந்த ஏடு எந்த அலமாரியில், எந்த ஆண்டுகள் விடுபட்டுள்ளன என்று சொல்வார். அந்த ஒரு வரிப் பதிலே சிலசமயம் முழு நாளை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, தொழில்களின் வரலாற்றைத் தொகுப்பவர்கள். வேல்ஸில் குடும்பம் ஊர் மாறினால் பெரும்பாலும் வேலைதான் காரணம். கார்டிகன்ஷயர் கிராமங்களிலிருந்து கிளாமோர்கனின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்கு ஆட்கள் பெருந்திரளாகப் போனார்கள். வடக்கே பென்ரின் ஸ்லேட் குவாரியில் 1900 முதல் 1903 வரை நீடித்த போராட்டத்தில் பெத்தெஸ்டா ஊரின் குடும்பங்கள் பல பிழைப்புக்காகத் தெற்கே போயின. பெத்தெஸ்டாவில் காணாமல்போன குடும்பத்தை 1901 மார்ச் 31 கணக்கெடுப்பில் தெற்குச் சுரங்க ஊர்களில் தேடலாம் என்பது குவாரி வரலாறு தெரிந்தவருக்கு உடனே தோன்றும், நமக்குத் தோன்றாது. 1913 அக்டோபர் 14இல் செங்கெனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தப் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். எந்த டேவிஸ் எந்தத் தெருவிலிருந்து போனவர் என்று பிரித்தறிய அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றைத் தொகுத்தவரைத்தான் நாட வேண்டும்.

எப்படிக் கேட்பது?

"என் குடும்பம் எவன்ஸ், கார்மார்தன், யாருக்காவது தெரியுமா?" என்ற கேள்விக்குப் பதில் வராது. வந்தாலும் பயன்படாது. நல்ல கேள்வியில் ஒருவர் மட்டும் இருப்பார், ஒரு காலம் இருக்கும், ஓர் இடம் இருக்கும், நீங்கள் ஏற்கெனவே பார்த்துமுடித்தவை இருக்கும், வேண்டுவது ஒன்றே ஒன்றாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதலாம்:

"மார்கரெட் எவன்ஸ், 1851 கணக்கெடுப்பில் 34 வயது, லான்தெவி பிரெவி பாரிஷில் இன்ன பண்ணையில், கணவர் தச்சர். பிறந்த இடம் அதே பாரிஷ் என்று இருக்கிறது. பாரிஷ் ஞானஸ்நானப் பதிவுகளை 1810 முதல் 1822 வரை பார்த்துவிட்டேன், பொருந்தும் பதிவு இல்லை. குடும்பம் மெதடிஸ்ட் என்று மகனின் இறப்புச் செய்தி சொல்கிறது, வெட்டு இணைத்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் இந்தப் பண்ணையிலிருந்து மெதடிஸ்டுகள் எந்தச் சேப்பலுக்குப் போயிருப்பார்கள்? அதன் ஏடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நானே போய்ப் பார்த்துக்கொள்வேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். வேலையை அவர் தலையில் கட்டவில்லை, வழியைத்தான் கேட்கிறோம். உள்ளூர்க்காரருக்கு இது இரண்டு நிமிட வேலை, மகிழ்ச்சியோடு சொல்வார். சொல்லும்போதே "அந்தப் பண்ணையா? அது பக்கத்துப் பாரிஷின் கோவிலுக்குத்தான் கிட்டே" என்று நாம் கேட்காத ஒன்றும் வந்து விழும். வரைபடத்தில் கோடு வேறு, மலையும் ஆறும் விட்ட வழி வேறு என்பதை நடந்து பார்த்தவர்தான் அறிவார்.

கேள்வியில் வாடிக்கையாளரின் பெயரும், உயிரோடிருக்கும் யாருடைய விவரமும் இருக்கக்கூடாது. வெளியில் கேட்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை, ஏழைகள் விடுதி, மனநல விடுதி, சிறை என்று தேடலில் எதுவும் எழலாம். அப்படி எழுந்தால் முதலில் வாடிக்கையாளரிடம் தனியாக, மென்மையாகச் சொல்ல வேண்டும். பிறரிடம் கேட்ட கேள்வி வழியாக அவர் அதை அறியும் நிலை வந்துவிடக்கூடாது.

பதில் வந்ததும் அதே நாளில் நன்றி எழுதுங்கள். அவர் சொன்னது சரியா என்று பார்த்துவிட்டு முடிவையும் எழுதுங்கள். "நீங்கள் சொன்ன சேப்பலில் இருந்தது, இதோ பதிவின் படம்" என்ற ஒரு வரிக்காகவே பல தன்னார்வலர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், காசு வாங்காதவர்கள். ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் பொறுங்கள், நினைவூட்டல் ஒன்று போதும்.

இன்னொருவர் தேடிக் கொடுத்ததை உங்கள் நேரமாகக் கணக்கிட்டு வாடிக்கையாளரிடம் பணம் வாங்காதீர்கள். அறிக்கையில் அவர் பங்கை அவர் அனுமதியோடு பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அவர் செலவு செய்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். இதில் தவறினால் அந்த மாவட்டத்தில் உங்களுக்குக் கதவு மூடிவிடும், அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

உதவி என்பது சான்று ஆகாது

எவ்வளவு மதிப்புக்குரியவர் சொன்னாலும் அது துப்பு மட்டுமே. மூல ஆவணத்தின் படத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அறிக்கையில் உண்மையென்று எழுதலாம். பிறர் இணையத்தில் போட்டிருக்கும் வம்ச மரங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். வேல்ஸ் மரங்களில் ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவராகப் பிணைத்து வைத்திருப்பது மிகவும் வழக்கம், ஒருவர் செய்ததைப் பத்துப் பேர் நகலெடுத்திருப்பார்கள். பத்து மரத்தில் இருப்பதால் அது பத்துச் சான்று ஆகாது.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. நீங்கள் பிடித்த ஆளுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் இன்னொருவரை வேண்டுமென்றே தேடுங்கள். அதே பாரிஷிலும் பக்கத்துப் பாரிஷ்களிலும் அந்த வயதில் உள்ள எல்லா ஜான் ஜோன்ஸையும் எழுதி, ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார் என்று தொடருங்கள். ஒருவர் குழந்தையிலேயே இறந்தார், ஒருவர் வேறு பெண்ணை மணந்தார், ஒருவர் கடலுக்குப் போனார். மற்ற எல்லாரும் கழிந்தபின் நிற்பவர்தான் உங்கள் ஆள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் வேல்ஸில் இதைச் செய்யாத அறிக்கையை நான் நம்பமாட்டேன். மதிப்பீடு கொடுக்கும்போதே இந்த நேரத்தைச் சேர்த்துக் கேளுங்கள்.

மற்றவரின் மரம் தவறு என்று தெரிந்தால் பொதுவெளியில் திருத்தாதீர்கள். தனியாக எழுதி, ஆவணப் படத்தை இணைத்து, "நான் இப்படிப் பார்க்கிறேன், உங்களிடம் வேறு சான்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். சிலசமயம் அவரிடம் உண்மையிலேயே வேறு சான்று இருக்கும்.

சென்னையில் இருப்பவர் திருப்பிக் கொடுக்கக்கூடியது

உதவி ஒருபக்கமாகவே ஓடினால் நீடிக்காது. தமிழ்நாட்டில் இருப்பவர்களிடம் வேல்ஸ் ஆய்வாளர்களுக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. மெட்ராஸ் மாகாணத்துக்குச் சிப்பாயாக, எழுத்தராக, ரயில்வே ஊழியராக, மிஷனரியாக வந்த வேல்ஸ்காரர்கள் உண்டு. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் வடக்கு வேல்ஸ் குடும்பத்தவர். அவர் கல்லறை ரெக்ஸம் நகரத்தின் புனித கைல்ஸ் கோவில் வளாகத்தில் இருக்கிறது. 1798 முதல் 1803 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்ப மாளிகையான பவிஸ் கோட்டை வெல்ஷ்பூலில் இருக்கிறது.

பெரிய மனிதர்களின் வரலாறு எழுதியாயிற்று. ஊட்டியிலோ திருச்சியிலோ சென்னையிலோ புதைந்த ஒரு சாதாரணச் சிப்பாயின் கல்லைத்தான் அங்கே ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும். மெட்ராஸ் மாகாணக் கோவில்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் 1905இல் புத்தகமாகத் தொகுத்தார். இந்த இரண்டையும் ஒப்பிட்டு, இன்று கல் எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்று போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவது இங்கிருப்பவரால் மட்டுமே முடியும். இந்தத் திறனை உங்கள் அறிமுகக் கடிதத்தில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தங்கள் பிரிட்டிஷ் தாத்தாவைத் தேடி வரும்போதும் இதே வழியில் எதிர்த்திசையில் நடக்கலாம்.

படிப்பும் பணமும்

சான்றிதழ் இல்லாமலும் இந்த வேலையைத் தொடங்கலாம், ஆனால் வாரிசுச் சட்ட வேலைகளுக்கு முறையான பயிற்சி மதிப்பைக் கூட்டும். ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகம் வம்சாவளி ஆய்வில் முதுநிலைப் படிப்பைத் தொலைநிலையில் தருகிறது. கேன்டர்பரியில் 1961இல் தொடங்கிய மரபுச்சின்ன, வம்சாவளி ஆய்வு நிறுவனம் படிப்படியான பாடத்திட்டம் நடத்துகிறது. 1968இல் தொடங்கிய ஆக்ரா என்ற தொழில்முறை ஆய்வாளர் சங்கம், விண்ணப்பிப்பவரின் ஆய்வைப் பார்த்துத்தான் உறுப்பினராக ஏற்கிறது. அதன் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து வேலை கொடுப்பவர்கள் பலர்.

கட்டணத்தை மணிக்கணக்கில் வையுங்கள், கூடவே உச்சவரம்பும் வையுங்கள். "இத்தனை மணி நேரத்துக்குள் இந்த ஒரு கேள்வி, சான்றிதழ் செலவு தனி, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அறிக்கை உண்டு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். எந்த ஏட்டில், எந்த ஆண்டுகளில் தேடி இல்லையென்று கண்டீர்கள் என்பதும் வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கும் பொருள்தான். அடுத்தவர் அதே இடத்தில் மீண்டும் தோண்ட வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டைத் தாண்டிப் போகலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 1660களுக்கு முந்திய பாரிஷ் ஏடுகள் வேல்ஸில் எஞ்சியிருப்பதே அரிது. நிலவுடைமைக் குடும்பத்தோடு இணைப்புக் கிடைத்தால்தான் அதற்கு மேலே பழைய வம்சாவளிச் சுவடிகள் கைகொடுக்கும்.

அறிக்கை கொடுத்துப் பணம் வந்த பின்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. வாடிக்கையாளர் அனுமதித்தால், உயிரோடிருப்பவர்களை நீக்கிவிட்டு அறிக்கையின் ஒரு பிரதியை மாவட்டச் சங்கத்துக்குக் கொடுங்கள். உதவிய ஒவ்வொருவருக்கும் அவர் உதவிய பகுதியையாவது அனுப்புங்கள். சங்கத்துக்குக் கொடுக்கும் பிரதியின் கடைசியில் பண்ணைப் பெயர்களையும் சேப்பல் பெயர்களையும் அகரவரிசையில் பட்டியலிட்டு, வெல்ஷ் எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் சேருங்கள். அடுத்து வரும் ஆய்வாளர் தேடப்போவது அந்தப் பெயர்களைத்தான்.